‘மாறன்’ என்ற பெயருக்கு என்ன பொருள்? டெல்லியில் பிறந்த பையனுக்கு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். தமிழில் வல்லின ‘ற’ போட்டு எழுதுங்கள், ஆங்கிலத்தில் ‘எம்’முக்கு அப்புறம் இரண்டு ‘ஏ’ போடுங்கள். அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் பெயர் இளமாறன், பிறந்ததும் படித்ததும் ஆர்.கே. புரம், இப்போது குடியிருப்பது மயூர் விஹார். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இந்த ஊரில் என்னவெல்லாம் கேட்க வேண்டியிருக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

கேள்வியில் இரண்டு பயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். அது மன்மதன் பெயர், பிள்ளை ஊர் சுற்றும் என்கிறார் உங்கள் மாமியார். இந்தியில் அது சாவைக் குறிக்கும் என்கிறார் அலுவலக நண்பர். இரண்டு பேரும் சும்மா சொல்லவில்லை. ஆனால் மாமியார் சொல்வது மாரன், நண்பர் சொல்வது மரண். நீங்கள் வைக்கப்போவது இரண்டும் இல்லை.

மாறன் பாண்டியர்கள் பெயர். செழியன், வழுதி மாதிரி அந்தக் குலத்துக்கென்றே இருந்த பெயர்களில் ஒன்று. புறநானூற்றில் மட்டும் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி என்று ஆளுக்கொரு அடைமொழியோடு வருகிறார்கள் (துஞ்சிய என்றால் அங்கே இறந்துபோன, எந்த மாறன் என்று பிரித்துச் சொல்ல அந்தக் காலத்து இனிஷியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்). பிற்பாடு பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்று இரண்டு பட்டப்பெயர்களை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். 1216-இல் பட்டத்துக்கு வந்து, சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் கொளுத்திய சுந்தர பாண்டியன் ஒரு மாறவர்மன். தமிழ்க் கல்வெட்டுகளில் இந்தப் பட்டம் ‘கோமாறபன்மர்’ என்று ‘ற’வோடுதான் இருக்கும். வடமொழியில் ‘ற’ கிடையாது, அங்கே போனால் அதே ராஜா மாரவர்மன் ஆகிவிடுவார். அதாவது குழப்பம் அப்போதே ஆரம்பித்தாயிற்று, இன்று டெல்லி அரசு அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்து பெயரைத் தப்பாக எழுதுகிறவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

பொருள் என்று கேட்டால், பொதுவாக ‘மாறு’ என்ற சொல்லோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். மாறு என்றால் எதிர், பகை, வலிமை. மாற்றார் என்று எதிரிகளைச் சொல்கிறோம் இல்லையா, அந்த மாறு. எதிர்த்து நிற்கிறவன் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: துடைப்பத்துக்கும் மாறு என்று பெயர் உண்டு. மே மாத லீவுக்குத் திருநெல்வேலி போனால் சித்தப்பா பிள்ளைகள் என்னை ‘ஏலேய் வெளக்கமாறு’ என்றுதான் கூப்பிடுவார்கள், அதை எந்தச் சங்க இலக்கியத்தாலும் தடுக்க முடியவில்லை.

சரி, மாமியார் கட்சிக்கு வருவோம். இடையின ‘ர’ போட்ட மாரன் வடமொழிச் சொல். ‘ம்ரு’ என்ற வேர், சாவதைக் குறிப்பது. மார என்றால் சாகடிக்கிறவன். காதல் நோயால் ஆளைக் கொல்கிறவன் என்ற கணக்கில் அது மன்மதனுக்குப் பெயராயிற்று, அமரகோசம் என்ற வடமொழி நிகண்டில் மன்மதனின் பெயர் வரிசையில் மதனன், மன்மதனை அடுத்து மாரன் இருக்கிறான். பௌத்தர்களுக்கு இதே மாரன் இன்னும் பெரிய ஆள்: போதி மரத்தடியில் உட்கார்ந்திருந்த புத்தரின் தவத்தைக் கலைக்க வந்து தோற்றுப்போனவன். மணிமேகலையில் புத்தரை மாரனை வென்ற வீரனாகப் போற்றுவது இதனால்தான். ஆக, மாமியாரும் நண்பரும் தெரியாமலே ஒரே வேரைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், மரணம் என்ற சொல்லும் அங்கிருந்து வருவதுதான்.

மாமியாரிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள். புறநானூற்றின் 55-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் நன்மாறனைப் பார்த்து, கறைமிடற்று அண்ணலின் நெற்றியில் விளங்கும் ஒரு கண்ணைப் போல மற்ற வேந்தர்களைவிட உயர்ந்து நிற்கும் ‘பூந்தார் மாற!’ என்று கூப்பிடுகிறார். சிவனுடைய நெற்றிக்கண். மன்மதனைச் சாம்பலாக்கியதாகப் புராணம் சொல்லும் அதே கண். மாரன் எரிந்துபோனவன் என்றால், மாறன் எரித்த கண்ணுக்கு ஒப்பானவன். புலவர் இதை நினைத்துக்கொண்டு பாடவில்லை, நான் முடிச்சுப் போடுகிறேன், ஆனாலும் வீட்டு விவாதத்துக்கு இது போதும்.

பக்தியான வீடு என்றால் இதைவிட நல்ல துருப்புச் சீட்டு ஒன்று இருக்கிறது: நம்மாழ்வார். அவருக்கும் பெயர் மாறன்தான். பிறந்த குழந்தை அழவில்லை, பால் குடிக்கவில்லை, உலக இயல்புக்கு மாறாக இருந்ததால் மாறன் என்று வைத்தார்கள் என்பது வைணவர்கள் சொல்லும் விளக்கம். அப்பா பெயர் காரி. திருவாய்மொழியில் பதிகத்தின் முடிவில் அவரே தன்னைக் காரிமாறன் சடகோபன் என்று சொல்லிக்கொள்ளும் இடங்கள் உண்டு. பெருமாள் கோயிலில் தலையில் வைக்கிறார்களே சடாரி, அதுவும் அவர் பெயரில் வந்ததுதான். பாண்டிய நாட்டில் இந்தப் பெயர்கள் சகஜம்போல. மதுரை ஆனைமலை நரசிங்கப்பெருமாள் குடைவரையை 770-இல் எடுத்த பாண்டிய மந்திரி பெயர் மாறன் காரி.

எங்கள் வீட்டுக் கதை இங்கேதான். அப்பா மத்திய அரசு உத்தியோகத்தில் டெல்லிக்கு வந்தவர், கோயில் வாசல் மிதிக்காதவர், தனித்தமிழ்ப் பெயர்தான் வைப்பேன் என்று நின்றார். ஆச்சி நம்மாழ்வார் ஊரான ஆழ்வார்திருநகரிக்காரர், வைகாசியில் ஒன்பது கருட சேவை பார்க்காத வருஷம் அவருக்கு வருஷமே இல்லை. ஆர்.கே. புரத்து மலை மந்திர் கோயிலில் வைத்துப் பெயர் சூட்ட வேண்டும், சடகோபன் என்று வைக்க வேண்டும் என்று அவர் ஒரு பக்கம். கடைசியில் இளமாறன் என்று அப்பா சொன்னதும் ஆச்சி மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டார். அப்பா பாண்டியனை நினைத்துக்கொண்டு கூப்பிட்டார், ஆச்சி ஆழ்வாரை நினைத்துக்கொண்டு கூப்பிட்டார். எனக்குத் தெரிந்து இரண்டு கட்சிக்காரர்களும் சண்டை போடாமல் வைக்கக்கூடிய பெயர்கள் ரொம்பக் கம்மி.

அப்புறம் டெல்லி. இங்கே தெரு கிரிக்கெட்டில் ‘மார் நா, மாரன்!’ என்று கத்துவார்கள், அடிடா என்று அர்த்தம், அது ஜாலிதான். தொல்லை காகிதத்தில்தான் வரும். ஒற்றை ‘ஏ’ போட்டால் இந்திக்காரர் கண்ணுக்கு அது நேராக ‘மரண்’. என் பழைய சான்றிதழ் ஒன்றில் இளமாறனைப் பிரித்து, இளவைத் தனியாகவும் மாறனைத் தனியாகவும் போட்டிருந்தார்கள். ஒரு கவுண்டரில் இருந்த அம்மா ‘இலா மரண்?’ என்று வாசித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, ‘பேட்டா, யே நாம் கிஸ்னே ரக்கா?’ என்று கேட்டார். யாரப்பா இந்தப் பெயரை வைத்தது என்று. கோபமே வரவில்லை, அவ்வளவு வருத்தத்தோடு கேட்டார். மாறாக, கொஞ்சம் வயதான அரசு ஊழியர்களிடம் இந்தப் பெயர் சுலபமாக எடுபடும், முரசொலி மாறன் மத்திய வர்த்தக அமைச்சராக இருந்து 2001-இல் உலக வர்த்தக அமைப்பின் தோஹா மாநாட்டில் பேசியது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கே பிறந்தபோது வைத்த பெயர் தியாகராஜசுந்தரம். மாறன் பிற்பாடு வந்தது.

மயூர் விஹாரில் பாதிப் பேர் மலையாளிகள், அவர்களிடம் இன்னொரு கூத்து. மலபார்ப் பக்கம் புதுமாரன் என்றால் கல்யாண மாப்பிள்ளை. சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் கேட்டால், சிரியாக் மொழியில் மாரன் என்றால் ‘எங்கள் ஆண்டவர்’ என்பார்கள், அவர்கள் ஆயர்களுக்கு முன்னால் போடும் ‘மார்’ அந்தக் குடும்பத்துச் சொல்தான். இரண்டும் நம் மாறனுக்கு உறவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது.

வெறும் மாறன் போதுமா, முன்னால் ஏதாவது சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நெடுமாறன், நன்மாறன், வெற்றிமாறன், எல்லாமே நன்றாக இருக்கும். டெல்லியில் வளரப்போகிற பையனுக்கு என் ஓட்டு நன்மாறனுக்கு, ‘ழ’வும் ‘ள’வும் இல்லாததால் இங்கே யாரும் சொல்லிவிடுவார்கள். ஒரே ஒரு விஷயம், சுகுமாறன் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு. அது சு-குமாரன், பாண்டியனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெயரில்லாமல் பிறப்பைப் பதிவு செய்திருந்தால் பதறாதீர்கள். ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆங்கிலத்தில் இரண்டு ‘ஏ’, பெயர் முழுவதும் ஒரே சொல்லாக, நடுவில் இடைவெளி விடாமல். இந்தியில் அடித்துக் கொடுக்கும்போது ‘ம’வுக்குப் பக்கத்தில், அதை ‘மா’ ஆக்கும் அந்த நெட்டைக் கோடு விழுந்திருக்கிறதா என்று கவுண்டரிலேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.