கடைசியாக வந்தவர் யார் இடத்தைப் பிடித்தார்?

கேள்வி: பசிபிக் கடலில் இருக்கும் துவாலு மாதிரி குட்டித் தீவு நாடுகள் இரண்டே பேரை ஒலிம்பிக்குக்கு அனுப்புகின்றன. அவர்களும் முதல் நாளே கடைசியாக வந்து மூட்டை கட்டுகிறார்கள். தகுதி இல்லாதவர்களுக்கு எதற்கு இந்த ஓசிச் சுற்றுலா? அந்த இடத்தை நன்றாக ஓடுகிற வேறு ஒருவருக்குக் கொடுத்தால் என்ன?

பதில்: எந்த இடத்தை? தடகளத்தில் தகுதி நேரத்தை எட்டியவர் ஒருவர்கூட இல்லாத நாடும் ஓரிருவரை அனுப்பலாம் என்று விதியே இருக்கிறது. அப்படி வருகிற 100 மீட்டர்காரரை நேராகக் கொண்டுபோய் உலகச் சாம்பியனுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவதில்லை. முதல் சுற்றுக்கு முன்னால் அவர்களுக்கென்று ஒரு பூர்வாங்கச் சுற்று வைத்திருக்கிறார்கள். அதில் தேறினால்தான் முதல் சுற்று. தகுதி நேரம் எட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, நேரே முதல் சுற்றுக்கு வந்துவிடலாம். ஆகவே துவாலுக்காரர் ஓடியதால் யாருடைய லேனும் பறிபோகவில்லை.

ஓசி விஷயம்: டிவி உரிமை விற்ற பணத்தில் ஒரு பங்கு எல்லா நாட்டு ஒலிம்பிக் கமிட்டிகளுக்கும் போகிறது. பெரிய நாடுகளும் வாங்கிக்கொள்கின்றன. அதை யாரும் ஓசி என்பதில்லை.

இப்போது துவாலுவுக்கு வருவோம். மொத்தம் 26 சதுர கிலோமீட்டர், சுமார் 11,000 பேர். 2008-ல்தான் முதல் ஒலிம்பிக். 2016 ரியோவுக்கு வந்த அணி ஒரே ஒருவர். அவரும் நாட்டின் கால்பந்து அணியில் ஆடியவர். தலைநகர் ஃபூனாஃபூட்டியில் நிலம் என்பது கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஒரு நாடா. அதில் அகலமான, சமமான இடம் என்றால் விமான நிலையம்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் போட்ட ரன்வே. வாரத்துக்குச் சில விமானங்கள்தான் வரும். மற்ற நேரத்தில் அதுதான் ஊரின் மைதானம். சாயங்காலமானால் கால்பந்து, கைப்பந்து, சைக்கிள் பழகும் பிள்ளைகள், ஓடிப் பழகுபவர்கள். புழுக்கமான இரவில் பாய் விரித்துப் படுப்பவர்களும் உண்டு. விமானம் வருகிறது என்றால் சைரன் ஊதுவார்கள். எல்லோரும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓரம் போவார்கள். அது இறங்கிப் போனதும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம். விமானம் ஓடுவதற்கும் ஆள் ஓடுவதற்கும் தமிழில் ‘ஓடுபாதை’ என்று ஒரே சொல்தான். துவாலுவில் பாதையும் ஒன்றே. அங்கே பழகிவிட்டு வந்து ஸ்பைக்ஸ் என்கிற ஆணி வைத்த ஷூவை மாட்டி, செயற்கைத் தளத்தில், முன்பின் பார்த்திராத கூட்டத்துக்கு முன்னால் ஓடுகிறவரின் நேரத்தை நீங்கள் எதனோடு ஒப்பிடுகிறீர்கள்?

சரி, ‘கடைசியாக வந்து’ என்கிறீர்களே, அதுவும் எப்போதும் இல்லை. நவுரு என்கிற இன்னொரு பசிபிக் தீவு நாடு 21 சதுர கிலோமீட்டர். 1990-ல் ஆக்லாந்து காமன்வெல்த் விளையாட்டுக்கு அது முதல்முறையாக அணி அனுப்பியது. அணி என்றால் மார்கஸ் ஸ்டீஃபன் என்ற பளுதூக்கும் வீரர் ஒருவர். அவர் ஒரு தங்கமும் இரண்டு வெள்ளியும் தூக்கிக்கொண்டு போனார். 1994-லும் 1998-லும் மும்மூன்று தங்கம். வேடிக்கை என்னவென்றால், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அவர் சமோவாவுக்காக இறங்கினார். காரணம், நவுருவை அப்போது ஒலிம்பிக் கமிட்டி சேர்த்துக்கொண்டிருக்கவில்லை. 1994-ல் சேர்த்தார்கள். 2007-ல் அதே மனிதர் நவுருவின் ஜனாதிபதியும் ஆனார். பளுதூக்குதலை அவர்கள் பிடித்துக்கொண்டதில் ஒரு கணக்கு இருக்கிறது. மேலே ஒரு கூரை, கீழே ஒரு பலகை, கம்பி, தட்டுகள், நல்ல பயிற்சியாளர், போதும். பதினொரு பேரும் வேண்டாம், எதிரணியும் வேண்டாம்.

இரண்டு பேர் அணி என்று சிரிக்கிறீர்கள். டோக்கியோவுக்கு பெர்முடா அனுப்பியதும் இரண்டே பேரைத்தான். அதில் ஒருவர், ஃப்ளோரா டஃபி, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் தங்கம் வாங்கினார். அறுபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் அது. பாரிஸில் 2024 ஆகஸ்ட் 3-ம் தேதி ராத்திரி இன்னும் விசேஷம். டொமினிக்காவின் தியா லாஃபாண்ட் மும்முறைத் தாண்டலில் 15.02 மீட்டர் தாண்டித் தங்கம். மைதானம் நனைந்து கிடக்க, செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரட் 100 மீட்டரை 10.72 விநாடியில் ஓடித் தங்கம். இரண்டு தீவுகளுக்கும் அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம், ஒரே மைதானத்தில், ஒரே ராத்திரியில்.

‘அந்தப் பெண்கள் அமெரிக்காவில் அல்லவா பயிற்சி எடுத்தார்கள்?’ என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். உண்மைதான். ஆல்ஃபிரட் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், லாஃபாண்ட் சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர். ஊரில் வசதி இல்லாவிட்டால் வேறு எங்கே போவது? பதக்க மேடையில் எந்தக் கொடி ஏறியது என்பதைப் பாருங்கள்.

ஓசிச் சுற்றுலா என்ற சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விலாசம்தான் தப்பு. சூட்கேஸும் கோட்டுமாக வீரர்களுக்கு முன்னால் விமானம் ஏறுகிற அதிகாரிகள் கூட்டம் எந்த நாட்டில் பெரியது என்று விசாரித்துப் பாருங்கள். இரண்டு பேர் போகிற தீவில் அதற்கு வழியே இல்லை.

அப்புறம், தோற்றுப்போகிறவர் அங்கே போய் என்னதான் செய்கிறார் என்பது பாக்கி இருக்கிறது. கிரிபட்டி என்ற பசிபிக் தீவு நாட்டின் டேவிட் கட்டோட்டாவ் 2014 கிளாஸ்கோவில் பளுதூக்குதல் 105 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். காமன்வெல்த்தில் அவருடைய நாட்டுக்கு அதுவே முதல் பதக்கம். 2016 ரியோவில் பதக்கத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கிரிபட்டியின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரம்தான். கடல் ஏறிக்கொண்டே வருகிறது. அதை நாலு பேர் கேட்கவேண்டும் என்பதற்காக அவர் பளுவைக் கீழே போட்டுவிட்டு, கேமராக்களுக்கு முன்னால், அத்தனை பெரிய உடம்போடு, மேடையிலேயே ஆடினார். சிரித்துக்கொண்டே ஆடினார்.