ஃபேர் ட்ரேடு லேபிளுக்கு கூட காசு குடுக்குறது வொர்த்தா?

கேள்வி: சார், நானும் என் ஹஸ்பண்டும் ரெண்டு பேருமே வேலைக்கு போறோம். ஒரு வருஷமா காபி, டீ, சர்க்கரை, சாக்லேட் எல்லாமே ஃபேர் ட்ரேடு லேபிள் இருக்கான்னு பாத்துதான் வாங்குறேன், இப்போ காட்டன் டிஷர்ட்டும் அப்படியே பாக்க ஆரம்பிச்சுட்டேன். மளிகை செலவு பத்துல ஒரு பங்கு ஏறிடுச்சு, கிரெடிட் கார்டுலயும் ஒரு பாக்கி மாசாமாசம் அப்படியே நிக்குது. அவர் "இதெல்லாம் மார்க்கெட்டிங், நீ நல்லா ஏமாறுற"ங்குறார். எனக்கு விளைவிக்கிறவங்க வயித்துல அடிச்சு சீப்பா வாங்க மனசு வரல. அடுத்த வருஷம் ஒரு மோதிரம் வாங்கலாம்னு இருக்கோம், அதுல கூட ஃபேர் ட்ரேடு தங்கம்னு ஒன்னு இருக்காமே. கூடுதலா குடுக்கலாமா வேண்டாமா?

பதில்: முதல்ல அந்த கார்டு பாக்கிங்க. அது நிக்கிற வரைக்கும் நீங்க கூடுதலா குடுக்குற ஒவ்வொரு காசுக்கும் பேங்குக்கு வட்டி அழுதுட்டு இருக்கீங்க, ஒரு வருஷம் இழுத்தா விவசாயிக்கு போய் சேர்ந்ததைவிட பேங்குக்கு போனது ஜாஸ்தியா இருக்கும், விவசாயிக்கு எவ்வளவு கொஞ்சமா போகுதுன்னு கீழ கணக்கு வருது. அதனால அது முடியுற வரைக்கும் டிஷர்ட் வேண்டாம், சாக்லேட்டும் கொஞ்சம் பொறுக்கலாம். காபியை நிறுத்த சொல்ல மாட்டேன்.

இப்போ உங்க சண்டைக்கு வருவோம். உங்க ஹஸ்பண்ட் சொல்றது பாதி சரி, ஆனா அவர் நினைக்குற பாதி இல்ல.

ஃபேர் ட்ரேடுங்குறது விளைவிக்கிறவங்களுக்கு நியாயமான விலை போகணும்னு வச்ச லேபிள், இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒன்னு குறைந்தபட்ச விலை (சர்க்கரைக்கு இது கிடையாது), அதாவது மார்க்கெட் எவ்வளவு விழுந்தாலும் இதுக்கு கீழ குடுக்கக்கூடாதுன்னு ஒரு தரை. இன்னொன்னு பிரீமியம், விலைக்கு மேல தனியா குடுக்குற தொகை, இது விவசாயி பாக்கெட்டுக்கு நேரா போகாது, அவங்க சங்கத்துக்கு போகும், ஸ்கூலுக்கா குடோனுக்கா எதுக்கு செலவு பண்றதுன்னு அவங்களே ஓட்டு போட்டு முடிவு பண்ணுவாங்க. காபியில 2023 ஆகஸ்ட்ல இருந்து வாஷ்டு அராபிக்காவுக்கு (தண்ணியில கழுவி சதையை எடுத்த அராபிக்கா ரக காபி) ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, தரை விலை 1.80 டாலர் (அதுக்கு முன்னாடி 1.40 தான்), பிரீமியம் 20 சென்ட். கொக்கோவுக்கு 2019ல வச்ச பிரீமியம் டன்னுக்கு 240 டாலர்.

இதை உங்க பாக்கெட் சைஸுக்கு கொண்டு வருவோம். 250 கிராம் வறுத்த காபிக்கு சுமாரா 300 கிராம் பச்சைக்கொட்டை வேணும், ஏன்னா வறுக்கும்போது எடை குறையும். 300 கிராம்னா ஒரு பவுண்டுல மூணுல ரெண்டு பங்கு, ஆக பிரீமியம் 13 சென்ட். நூறு கிராம் டார்க் சாக்லேட்ல ஏறத்தாழ 2 சென்ட். அவ்வளவுதான். இதை வீட்ல காட்டுனா "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு அவர் ஆரம்பிப்பார், இருங்க, இன்னும் முடியல.

ஒரு பாக்கெட்டுக்கு நீங்க 2 டாலர் கூட குடுக்குறீங்கன்னு வச்சுக்குவோம், அதுல 13 சென்ட் போக மிச்சம் எங்க போச்சு? கொஞ்சம் லைசன்ஸ் பீஸ், கொஞ்சம் சின்ன அளவுல தனியா வாங்கி தனியா பேக் பண்ற செலவு, மத்தது பிராண்டோட லாபமும் கடையோட லாபமும். லேபிள் பாத்து எடுக்குறவங்க விலையை ரொம்ப நோண்ட மாட்டாங்கன்னு விக்கிறவனுக்கு நல்லாவே தெரியும். அமெரிக்காவுல சூப்பர்மார்க்கெட்ல ஒரு சோதனை பண்ணி 2015ல ரிசல்ட் வந்துச்சு, நல்லா ஓடுற ரெண்டு காபிக்கு இந்த லேபிளை ஒட்டுனதும் விற்பனை கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏறுச்சு, அப்புறம் விலையை 8, 9 சதவீதம் ஏத்தி பாத்தாங்க, காஸ்ட்லி காபி வாங்குறவங்க அசையவே இல்ல, சீப் காபி பக்கம் மட்டும் விற்பனை 30 சதவீதம் வரைக்கும் விழுந்துடுச்சு. அந்த அசையாத கூட்டத்துலதான் நீங்க இருக்கீங்க, கோச்சுக்காதீங்க.

இதுல இருந்து வர்ற விஷயத்தை நிறைய பேர் கவனிக்கிறதே இல்லைங்க: தரை விலை, பிரீமியம் ரெண்டுமே எடைக்கு கட்டுற காசு, கடையில ஒட்டியிருக்கிற விலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரே லேபிள் போட்ட ரெண்டு பாக்கெட், ஒன்னு கிராஃப்ட் கவர்ல விவசாயி போட்டோவோட ரெண்டு மடங்கு விலை, இன்னொன்னு சூப்பர்மார்க்கெட்டோட சொந்த பிராண்டு சாதா கவர், ரெண்டுலயும் அந்த லேபிள் வாங்கி குடுக்குற காசு ஒன்னுதான். அதனால லேபிள் இருக்குறதுலயே எது சீப்போ அதை எடுங்க. உங்க மளிகை பில்லுல ஏறுன அந்த பத்துல ஒரு பங்குல பெரும்பகுதி இதுலயே இறங்கிடும்னு நினைக்கிறேன். ருசிக்காக காஸ்ட்லி காபி வேணும்னா தாராளமா வாங்குங்க, ஆனா அதை ருசி செலவுன்னு எழுதுங்க, தர்மக்கணக்குல எழுதாதீங்க.

அப்போ 13 சென்ட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு கேட்டா, லேபிளோட உண்மையான வேலை பிரீமியம் இல்லைங்க, அந்த தரை விலைதான். இது ஒரு இன்சூரன்ஸ் மாதிரி, நல்ல வருஷத்துல தண்டம்னு தோணும். 2025 தொடக்கத்துல அராபிக்கா பவுண்டுக்கு 4 டாலரை தாண்டுச்சு, அப்போ 1.80 தரை இருந்தா என்ன இல்லாட்டி என்ன. ஆனா 1989ல நாடுகளுக்கு நடுவுல, யார் எவ்வளவு ஏற்றுமதி பண்ணலாம்னு இருந்த காபி கோட்டா ஒப்பந்தம் உடைஞ்ச பிறகு விலை ஏறி இறங்கி கடைசியில 2001ல 50 சென்ட்டுக்கும் கீழ போச்சு, கொட்டையை பறிக்கிற கூலிக்கே கட்டல, தோட்டத்தையே விட்டுட்டு போனவங்க நிறைய. அந்த மாதிரி வருஷத்துல தரை விலைன்னு ஒன்னு இருக்குறதுதான் ஒரு குடும்பம் நிக்குதா விழுதாங்குறதை முடிவு பண்ணும். விலை விழும்போதும் லேபிள் காபியை கேட்டு வாங்க ஆள் இருக்கணும்ல, அதுக்குத்தான் நல்ல வருஷத்துலயும் நீங்க வாங்குறது.

இன்னொன்னு, சர்டிபிகேட் வாங்குன சங்கம் அவங்க விளைச்சல் முழுசையும் இந்த விலைக்கு வித்துட முடியாது, கேக்குற அளவுக்குத்தான் விக்க முடியும், மிச்சம் சாதா மார்க்கெட் விலைக்கே போயிடும். சர்டிபிகேட் எடுக்குற செலவு மட்டும் அவங்க தலையில. அதனால நீங்க வாங்குற பாக்கெட்டுக்கு மதிப்பே இல்லன்னு உங்க ஹஸ்பண்ட் சொன்னா அது தப்பு, வாங்குறவங்க குறைவா இருக்குறதுதான் அங்க பிரச்சனையே.

குறையும் சொல்லணும்ல. கோஸ்டாரிகா காபியை வச்சு பண்ண ஆராய்ச்சியில தோட்டம் வச்சிருக்கிறவங்களுக்கு வருமானம் கூடியிருக்கு, நடுவுல இருக்குற வியாபாரிக்கு குறைஞ்சிருக்கு, கூலிக்கு பறிக்கிறவங்களுக்கு ஒன்னும் பெருசா மாறல. 2014ல லண்டன்ல இருக்குற சோவாஸ் யுனிவர்சிட்டி ஆராய்ச்சிக்காரங்க எத்தியோப்பியா, உகாண்டாவுல பாத்துட்டு வந்து கூலிக்காரங்க விஷயத்துல இதைவிட காட்டமாவே எழுதுனாங்க. ஆக இது சின்ன நிலம் வச்சிருக்கிறவங்களுக்கான திட்டம், நிலமே இல்லாதவங்க வரைக்கும் சரியா போய் சேரல.

அப்புறம் எல்லா லேபிளும் ஒன்னு இல்லைங்க. பச்சைத்தவளை படம் போட்ட ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ்ல தரை விலையே கிடையாது, அது வேற திட்டம், கெட்டதுன்னு சொல்லல. கம்பெனிங்க தாங்களே வரைஞ்சு ஒட்டிக்கிற "நேர்மையா வாங்கினது" டைப் லோகோவுக்கு நான் ஒரு காசு கூட குடுக்க மாட்டேன். சாக்லேட், சர்க்கரை, டீ இதுலல்லாம் ஃபேர் ட்ரேடு சரக்கும் சாதா சரக்கும் கலந்து போகலாம்னு விதியே இருக்கு, உங்க கையில இருக்குற சாக்லேட்ல அந்த சங்கத்து கொட்டை இல்லாமலும் இருக்கலாம், ஆனா அதே அளவு அவங்ககிட்ட வாங்கியிருப்பாங்க, காசு போய் சேரும், ஏமாத்து வேலை இல்ல. காபியும் வாழைப்பழமும் தனியா பிரிச்சேதான் வரணும். டிஷர்ட்ல ஃபேர் ட்ரேடு காட்டன்னு இருந்தா அது பருத்தி போட்டவருக்கு மட்டும்தான் பேசுது, தச்சவங்க சம்பளத்தை பத்தி அது வாயே திறக்காது, தைக்கிறவங்களுக்கு 2016ல தனியா ஒரு விதிமுறை வந்துச்சு, ஆனா பருத்தி லேபிள் வேற அது வேற. அதனாலதான் டிஷர்ட்டை முதல்ல வெட்ட சொன்னேன்.

கார்டு பாக்கி முடிஞ்சதும் இந்த கூடுதல் செலவை மளிகையில இருந்து பிரிச்சு "குடுக்குறது"ன்னு ஒரு தனி தலைப்புல மாசம் இவ்வளவுன்னு வச்சுக்கோங்க, ரெண்டு பேரும் உக்காந்து பேசி வைங்க. அவர் "சாதா பாக்கெட் வாங்கிட்டு வித்தியாசத்தை டொனேஷனா குடுத்துடலாமே"ன்னா கணக்குப்படி அதுவும் நல்ல ஐடியாதான், 13 சென்ட்டுக்கு பதிலா முழு 2 டாலரும் போகும். ஆனா அந்த காசு அக்கவுண்டை விட்டு அதே மாசம் வெளிய போகணும். மூணு மாசம் பாருங்க, போகலைன்னா லேபிள் பாக்கெட்டுக்கே திரும்பிடுங்க.

மோதிரத்துக்கு வருவோம். ஃபேர் ட்ரேடு தங்கம் இருக்கு, சின்ன சுரங்கத்துக்காரங்களுக்கு லண்டன் தங்கச் சந்தையில நிர்ணயிக்கிற சர்வதேச விலையில குறைஞ்சது 95 சதவீதம் குடுக்கணும், மேல கிலோவுக்கு 2,000 டாலர் பிரீமியம், அதாவது சுத்தத்தங்கம் கிராமுக்கு 2 டாலர். 5 கிராம்ல 18 கேரட் மோதிரம்னா சுத்தத்தங்கம் 3.75 கிராம், பிரீமியம் ஏழரை டாலர், மோதிர விலைக்கு முன்னாடி இது ஒன்னுமே இல்ல, கண்டிப்பா குடுங்க. ஆனா கடைக்காரர் ஃபேர் ட்ரேடுன்னு சொல்லி நூத்துக்கணக்குல ஏத்துனா, ஏழரைக்கு மேல இருக்குறது எதுக்குன்னு பில்லுல தனியா எழுதித்தர சொல்லுங்க, எழுதித்தரலன்னா வேற கடை பாருங்க.