பினாங்கின் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஓட்டலில் தங்கினால் நடந்தே எவற்றைப் பார்க்கலாம்?

சார்க்கீஸ் சகோதரர்கள் 1885இல் தொடங்கிய இவ்விடுதி ஜார்ஜ் டவுனின் ஃபார்குவர் தெருவில் கடலை ஒட்டி நிற்கிறது; 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பழைய நகரம் அருகிலேயே இருப்பதால் வண்டி தேவைப்படாது. மேற்கே சில நிமிட நடையில், பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவி 1794இல் மறைந்த பிரான்சிஸ் லைட்டின் கல்லறை அமைந்த பழைய இடுகாடு வரும். பலர் தவறவிடும் இந்த நிழலான இடத்தையே முதலில் பார்க்கச் சொல்வேன். எதிர்த்திசையில், அதே தெருவில் 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. அதைத் தாண்டித் தெற்கே நடந்தால், குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலையும், அதைச் சூழ்ந்த, தமிழ்ப் பாட்டு ஒலிக்கும் லிட்டில் இந்தியாக் கடைகளையும், தென்னிந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் அடுத்தடுத்துக் காணலாம். நண்பகல் வெயில் கடுமையாக இருக்குமென்பதால் காலையிலேயே புறப்படுவது நல்லது.