கொசு மீனை ஏரியில் விடலாமா?

கேள்வி: பெங்களூரு வர்த்தூர் பக்கம் அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். வளாகத்து மழைநீர்க் குளத்தால் கொசுத் தொல்லை. ஒரு முகவர் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் தருவதாகவும், மிஞ்சியதைப் பக்கத்து ஏரியில் விட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். இந்த மீன் பாலைவன ஊற்றுகளில் சேதம் விளைவித்ததாகப் படித்தேன். பெங்களூரு பாலைவனம் இல்லையே, இங்கே விட்டால் என்ன?

பதில்: விடாதீர்கள். குளத்திலும் வேண்டாம், ஏரியில் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் படித்தது உண்மை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எட்ஜ்பாஸ்டன் என்ற வறண்ட நிலத்தில் நிலத்தடி நீர் ஆங்காங்கே கசிந்து ஊற்றாக நிற்கிறது. பல ஊற்றுகளில் விரல் ஆழத்துக்குமேல் தண்ணீர் இல்லை. சிவப்புத் துடுப்பு நீலக்கண் மீனுக்கு இயற்கையான வீடு உலகிலேயே அந்த ஊற்றுகள்தான். முழுதாக வளர்ந்தாலும் மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். 1990-இல்தான் அப்படியொரு மீன் இருப்பதே அறிவியலுக்குத் தெரிந்தது. ஆனால் கம்பூசியா அங்கே நுழைந்துவிட்டது. வெள்ளக் காலத்தில் தரைமேல் பரவும் மெல்லிய நீரிலேயே நீந்தி ஊற்றுக்கு ஊற்று தாவியது. போன இடத்திலெல்லாம் நீலக்கண் மீனின் துடுப்பைக் கடித்தது, முட்டையையும் குஞ்சையும் தின்றது. ஊற்றுகள் ஒவ்வொன்றாக அதன் வசமாயின. 2008-இல் புஷ் ஹெரிடேஜ் என்ற பாதுகாப்பு அமைப்பு அந்த நிலத்தையே விலைக்கு வாங்கியது. கம்பூசியா எட்டாத ஊற்றுகளுக்கு நீலக்கண் மீன்களை மாற்றிக் காப்பாற்றிவருகிறார்கள். கம்பூசியாவை மருந்து ஊற்றிக் கொல்லலாம்தான். ஆனால் அதே ஊற்றுகளில் வேறெங்கும் இல்லாத நத்தைகளும் இருக்கின்றன. மருந்தைக் கையில் எடுப்பதற்குள் எத்தனை யோசிக்க வேண்டும், பாருங்கள்!

பாலைவன ஊற்று தனித்து நிற்பதால் அங்கே சேதம் சீக்கிரம் கண்ணில் படுகிறது. நம் ஏரிகளில் என்ன மீன் இருந்தது, என்ன போனது என்று கணக்கெடுக்கவே ஆள் இல்லை. அதோடு இவை ஒன்றோடொன்று இணைந்தவை. பெல்லந்தூர் ஏரி நிரம்பினால் வர்த்தூருக்கு வரும். வர்த்தூர் நிரம்பினால் தென்பெண்ணைக்குப் போகும். அங்கிருந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர், கடலூர். நீங்கள் ஏரியில் கவிழ்க்கும் வாளிக்கு வழி தமிழ்நாட்டுக் கடற்கரை வரை திறந்தே கிடக்கிறது.

முகவர்கள் சொல்வதில் மூன்றை நம்பாதீர்கள். முதலாவது, ‘அரசே விடுகிற மீன்’ என்பது. 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இது. இன்றும் சுகாதாரத் துறைகள் வளர்த்து விடுகின்றன என்பதும் மெய்தான். உலக சுகாதார நிறுவனமோ 1982 முதலே இதைப் பரிந்துரைப்பதில்லை. அயல் உயிரினங்களைக் கட்டுப்படுத்தும் பிரிவு 2022-இல் வனவிலங்குச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு துறை தடுக்கப் பார்ப்பதை இன்னொரு துறை வாளியில் எடுத்துவந்து கொட்டுகிறது. இவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

இரண்டாவது, ‘ஏற்கெனவே எல்லா ஏரியிலும் இருக்கிறது’ என்பது. ஒன்றில் இருந்தால் மற்றதிலும் விடலாம் என்று ஆகாது. மூன்றாவது, ‘இது நம் நாட்டு மீன்’ என்பது. வாங்குமுன் கண்ணாடிக் குவளையில் விட்டுப் பாருங்கள். சினைப்பட்ட பெண் கம்பூசியாவின் வயிற்றுப் பின்பகுதியில் கரும்புள்ளி தெரியும். ஆணின் அடித்துடுப்பு குச்சிபோல நீண்டிருக்கும். நம் நாட்டு அப்லோகைலஸ் மீனுக்கோ உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும். அது செடிகளில் முட்டையிடுவது. கம்பூசியா குட்டி போடுவது. சினையுற்ற ஒரே பெண் தப்பினாலும் ஒரு குளம் நிறைந்துவிடும். ரசீதில் மீனின் அறிவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மொட்டைமாடியில் வெயிலிலேயே ஆவியாகி வற்றும் சிமென்ட் தொட்டியில் இதை விட்டால் ஏரிக்குக் கேடில்லை. ஆனால் தொட்டிக்கு வழிகுழாய் இருக்கக் கூடாது. இருந்தால் மழையில் நிரம்பி மழைநீர் வடிகாலுக்குப் போகும். குழாய்க்கு வலை கட்டினால் போதாதா என்பார்கள். பிறந்த குட்டி சில மில்லிமீட்டர்தான், வலைக்குள் புகுந்துவிடும். குழாயை அடைத்தாலும், தொட்டியைக் கழுவுகிறவர் தண்ணீரை எங்கே ஊற்றுவார்? அதையும் செடிக்கு ஊற்றச் சொல்லிவைக்க வேண்டும். காவலாளி மாறினால் புதியவருக்கும் சொல்ல வேண்டும். இத்தனையும் உறுதியாக நடக்குமென்றால் மட்டும் விடுங்கள். உங்கள் மழைநீர்க் குளம் இந்த விதிவிலக்கில் சேராது.

கொசுவுக்கு வழி வேறு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத சம்ப் ஆகியவற்றின் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஏரியில் மீன் விட்டு அதைத் தடுக்க முடியாது. முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் ஆகும். வாரம் ஒருமுறை தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும். சம்புக்கு வலை போடுங்கள். குளத்தின் கரையோரப் பாசியையும் புல்லையும் அகற்றி, கொசுப்புழுக்களைக் கொல்லும் பி.டி.ஐ. என்ற நுண்ணுயிர் மருந்தைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவுப்படி தூவுங்கள். தட்டான் குஞ்சும் தவளையும் குளத்தில் இருந்தால் கலைக்காதீர்கள். கொசுப்புழுவை அவையும் தின்னும். கம்பூசியா தட்டான் குஞ்சையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும்.

முகவர் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். வாளிகளை வைத்துவிட்டுப் போயிருந்தால் வடிகாலில் ஊற்றாமல், அவரையே எடுத்துப்போகச் சொல்லுங்கள்.