டூட்டியில் இல்லாத போலீஸ்காரர் குடித்துவிட்டு ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) ஓட்டினால் தண்டனை உண்டா?

உண்டு, மற்றவர்களுக்கு என்ன தண்டனையோ அதேதான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள நிலையைச் சொல்கிறேன்.

கனடாவின் குற்றவியல் சட்டப்படி ஸ்னோமொபைலும் மோட்டார் வாகனம்தான். காட்டுப்பாதை, உறைந்த ஏரி என்றெல்லாம் விலக்கு கிடையாது. 100 மில்லிலீட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம், வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரத்துக்குள் அந்த அளவு இருந்தாலும் மாட்டிக்கொள்ளலாம். முதல் தடவைக்கே குறைந்தது 1,000 டாலர் அபராதம், கார் ஓட்டும் லைசென்ஸும் போகும். மூச்சில் ஆல்கஹாலைச் சோதிக்கும் கருவியில் ஊத மறுத்தால் அபராதம் 2,000 டாலரிலிருந்து.

சரி, சட்டம் தெளிவாக இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், நிறுத்துகிற அதிகாரி ‘நம்ம ஆள்’ என்று ஊதச் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிடும்போதுதான், ஏனென்றால் சில மணி நேரத்தில் உடம்பிலிருந்து ஆல்கஹால் இறங்கிவிடும், கூடவே ஆதாரமும் போய்விடும். 2018 டிசம்பரிலிருந்து, கையில் கருவி இருந்தால், சட்டப்படி நிறுத்திய எந்த ஓட்டுநரையும் சந்தேகம் இல்லாமலேயே ஊதச் சொல்லலாம். அதனால் ‘குடித்த மாதிரி தெரியவில்லை’ என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். விட்டு அனுப்பியவரும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அப்படி நடந்ததைப் பார்த்தால் நேரம், இடம், வண்டியின் பதிவு எண் மூன்றையும் உடனே குறித்துவையுங்கள். போலீஸ் நடத்தை பற்றிய பொதுமக்கள் புகார்களை வாங்க, 2024 ஏப்ரலில் புதிய சட்டத்தின் கீழ் வந்த தனி முகமை அங்கே இருக்கிறது, காவல் நிலையப் படியேற வேண்டியதில்லை.