கீமோ முடிந்த குழந்தைகளின் பற்கள்: கேள்விகளுக்குக் குழந்தைகள் பல் மருத்துவரின் பதில்

கேள்வி: மகளுக்கு இரண்டரை வயதில் ரத்தப் புற்றுநோய். இரண்டரை வருஷம் கீமோ. இப்போது 9 வயது, நன்றாக இருக்கிறாள். எக்ஸ்ரேயில் சில நிரந்தரப் பற்களே இல்லையாம். கால்சியம் போதவில்லையா?

பதில்: இல்லைம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ தாக்கும். ஈறுக்கு அடியில் தாடைக்குள் இருக்கும் பல் முளையும் அப்படிப் பெருகுவதுதான். முன்கடைவாய்ப் பற்கள் இறுகத் தொடங்குவது ஒன்றரை முதல் இரண்டரை வயதில். அந்த நேரத்தை ஒட்டியே மருந்து போயிருக்கிறது, அதனால்தான் சில பற்கள் உருவாகவில்லை. ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்லின் தலைப்பகுதி மூன்று வயதுக்குள் முடிந்துவிடும், வேர் அப்புறம்தான் வளரும். அதனால் வாயில் பார்த்தால் முழுப் பல். ஓபிஜி படத்தில் (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே) வேர் மட்டும் கேரட் நுனிபோலக் குறுகிக் கட்டையாக நிற்கும். அந்தப் படத்தைப் பத்திரமாக வையுங்கள். கிளிப் போடும் பேச்சு வந்தால் முதலில் அதைக் காட்டுங்கள். கட்டை வேரை அழுத்தி இழுத்தால் பல் ஆடிவிடும்.

கேள்வி: கீமோ நடக்கிறது. பையனுக்கு ஈறில் ரத்தம் கசிகிறது.

பதில்: இங்கே காத்திருக்காதீர்கள். இப்போதே உங்கள் கேன்சர் வார்டுக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: கால்சியம் டானிக் கொடுத்தால் பல் முளைக்குமா?

பதில்: முளைக்காது. முளையே இல்லாத இடத்தில் எந்த டானிக்கும் பல் தராது.

கேள்வி: கீழே நிரந்தரப் பல் இல்லையென்றால் சொத்தையான பால் பல்லைப் பிடுங்கிவிடலாமே? விழப்போகிற பல்லுக்கு எதற்குச் செலவு?

பதில்: கீழே பல் இல்லாததால்தான் அதைக் காப்பாற்றச் சொல்கிறேன். அந்த இடத்துக்கு வேறு பல் வராது. அடைத்து, தொப்பி (கிரவுன்) போட்டு வைத்தால் பல வருஷம் மெல்ல உதவும்.

கேள்வி: எங்கள் ஊர் டாக்டர் பிடுங்கத்தான் சொன்னார். உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?

பதில்: அவர் ஓபிஜி பார்த்தாரா, கீமோ விஷயம் அவருக்குத் தெரியுமா? வெறும் சொத்தைப் பல் என்று நினைத்தால் நானும் பிடுங்கத்தான் சொல்வேன். அதனால்தான் எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்: எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் பழைய சிகிச்சை ஃபைலைக் கையில் கொண்டு போங்கள். தாடையில் ரேடியேஷன் பட்டிருந்தால், புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் யாரும் பல் பிடுங்கக் கூடாது. எலும்பு ஆறாமல் போகலாம்.

கேள்வி: ரேடியேஷனுக்குப் பிறகு வாய் வறண்டே இருக்கிறது. கால்சியம் கொடுக்கலாமா?

பதில்: கால்சியத்தை விடுங்கள், மூன்றாவது தடவை சொல்கிறேன். எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாக வரும். ஃப்ளோரைடு பேஸ்ட், அடிக்கடி தண்ணீர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ராத்திரி பல் தேய்த்த பிறகு இனிப்பு சிரப் கொடுக்காதீர்கள்.