நங்கூரம் இழுத்த கேபிள்: ஹைபிரிட் அச்சுறுத்தல் பற்றிச் சில கேள்விகள்

திருச்சி மாணவி: சார், போர் தெரியும், பயங்கரவாதம் தெரியும். இந்த ஹைபிரிட் அச்சுறுத்தல் எதில் சேரும்?

எதிலும் சேராது அம்மா, அதுதான் அதன் பலமே. போர் என்று அறிவிக்காமல், பல வழிகளைக் கலந்து ஒரு நாட்டைத் தொந்தரவு செய்வதுதான் அது. கடலடிக் கேபிள் அறுபடும், வங்கியின் இணையதளம் முடங்கும், எல்லையில் திடீரென ஆட்கள் வந்து குவிவார்கள், வதந்தி பரவும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஏதோ விபத்து, அல்லது சில்லறைக் குற்றம். பின்னால் ஒரு நாடு இருக்குமோ என்ற சந்தேகம் வரும். நிரூபிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

சேலத்திலிருந்து ஒரு தம்பி: ஓர் உதாரணம் சொன்னால் புரியும் சார்.

2024 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நண்பகல். பின்லாந்தையும் எஸ்டோனியாவையும் இணைக்கும் எஸ்ட்லிங்க்-2 மின்கேபிளில் மின்சாரம் நின்றது. 650 மெகாவாட் கடத்தும் கேபிள் அது. நான்கு தொலைத்தொடர்புக் கேபிள்களும் பழுதாயின. அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பல். கொடி குக் தீவுகளுடையது, சரக்கு ரஷ்யாவின் உஸ்த்-லூகாவில் ஏற்றிய பெட்ரோல். பின்லாந்து கப்பலைத் தன் கடல் எல்லைக்குள் வரவழைத்து, ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கிப் பிடித்தது. நங்கூரச் சங்கிலியைப் பார்த்தார்கள், முனையில் நங்கூரம் இல்லை. கடல் தரையில் பல பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்த தடம். ஜனவரியில் நங்கூரமும் கிடைத்தது, எடை சுமார் 11 டன்.

இவ்வளவு இருந்தும் என்ன ஆனது தெரியுமா? 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம், இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று தள்ளுபடி செய்தது. சேதம் நடந்தது பின்லாந்தின் கடல் எல்லைக்கு வெளியே. கேப்டனும் இரண்டு அதிகாரிகளும் குற்றச்சாட்டை மறுத்திருந்தார்கள். நான் இந்த வழக்கையே திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் இதுதான். கப்பல் கையில் சிக்கியது, நங்கூரமும் கையில் கிடைத்தது, சட்டம் மட்டும் எட்டவில்லை.

தூத்துக்குடி வாசகர்: அப்போது கேபிள் அறுந்தாலே சதிதானா அண்ணா?

இல்லை, அப்படி நினைக்கவே கூடாது. உலகம் முழுக்க வருடத்துக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள் வருகின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடிப்பும் தவறி இழுபடும் நங்கூரமும்தான். முதல் நாளே சதி என்று அலறினால், எதிராளி விரும்பிய பீதியை நாமே கிளப்பிவிட்டவர்கள் ஆவோம்.

கோவை, ஐ.டி. ஊழியர்: நிரூபிக்க முடியாது என்றால் எப்படித்தான் தடுப்பது?

அடி விழுந்தாலும் எழுந்து நிற்கும்படி ஏற்பாடு செய்துகொள்வதுதான் வழி. எஸ்டோனியாவைப் பாருங்கள். 2007-இல் அதன் தலைநகர் தாலினில் இருந்த சோவியத் வீரரின் வெண்கலச் சிலையை இடம் மாற்றினார்கள். அதை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. கூடவே வங்கி, செய்தித்தாள், அரசு இணையதளங்கள் மீது மூன்று வாரம் விடாத இணையத் தாக்குதல். கடைசியில் தண்டனை கிடைத்தது ஒரே ஓர் இளைஞருக்கு, அதுவும் அபராதம். எஸ்டோனியர்கள் அதோடு விடவில்லை. கணினி தெரிந்த குடிமக்களைச் சேர்த்துத் தன்னார்வப் படை அமைத்தார்கள். நாட்டின் முக்கியப் பதிவேடுகளின் நகலை இன்னொரு நாடான லக்சம்பர்க்கில் பத்திரப்படுத்தினார்கள். எஸ்ட்லிங்க் அறுந்து ஆறே வாரத்தில், 2025 பிப்ரவரியில், எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா என்ற மூன்று பால்டிக் நாடுகளும் திட்டமிட்டபடி ரஷ்ய மின்கட்டமைப்பிலிருந்து பிரிந்து ஐரோப்பியக் கட்டமைப்பில் சேர்ந்தன. பயந்து தள்ளிப்போடவில்லை.

மயிலாப்பூர், இல்லத்தரசி: வீட்டில் இருக்கிற எங்களுக்கு இதில் என்ன வேலை சார்?

நிறைய இருக்கிறது அம்மா. வெளி உதவி இல்லாமல் ஒவ்வொரு வீடும் 72 மணி நேரம் சமாளிக்க வேண்டும் என்று பின்லாந்து தன் மக்களைக் கேட்டுக்கொள்கிறது: குடிநீர், சமைக்காமல் சாப்பிடும் உணவு, மருந்து, பேட்டரி ரேடியோ, கொஞ்சம் ரொக்கம். 2024-இல் ஸ்வீடன் வீட்டுக்கு வீடு ஒரு கையேடு அனுப்பியது. நாடு சரணடைந்துவிட்டது என்று எந்தச் செய்தி வந்தாலும் அது பொய் என்று அதில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கரண்ட் போய், ஏடிஎம் செத்து, செல்போனில் சார்ஜ் இல்லாமல் தவித்தோமே, அந்த நாட்களை நினைத்துக்கொண்டு பட்டியல் போடுங்கள். ரேடியோவை மட்டும் மறந்துவிடாதீர்கள்.